வாண்டா கோவலிக்கின் ஒரு நிமிடம்

1979 மார்ச் மாதத்திலிருந்து வாண்டா கோவலிக் தினமும் மதியம் பன்னிரண்டு மணி முதல் இரண்டு மணி வரை இல்லாமல் போனாள். எங்கேயும் போகவில்லை, இல்லை, அவ்வளவுதான். ஒஹாயோ ஆற்றங்கரையில் ஹார்லன் ஃபெர்ரியின் இரும்பாலை மூடிய மறுவருடம் அது. ஊரில் ஆளாளுக்கு ஏதாவது காணாமல் போய்க்கொண்டிருந்ததால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வேலை பார்த்த உணவகத்தில் அவள் கையிலிருந்த காபிக் குடுவை விழுந்து உடைந்தது. மதியக் கூட்டத்துக்கு உதவாதவளை வைத்து என்ன செய்வது என்று முதலாளி அவளைக் காலை வேலைக்கு மாற்றினார்.

விஷயம் தொடங்கியது ஆறு வருடம் முன்னால். ஒரு டைரக்டர் ஒற்றைக் கேமராவோடும், ரத்தத்துக்காகச் சிவப்புச் சாயம் கலந்த ஒரு பீப்பாய் சோளப்பாகோடும் வந்து இறங்கி, தலைக்கு ஒரு சாசேஜ் ரொட்டி கொடுத்து ஊரில் பாதிப் பேரைப் பிணமாக நடக்க வைத்தார். பதினைந்து வயது வாண்டா உலைக்கழிவு மேட்டுக்குள்ளிருந்து எழுந்து, கண் திறந்து, கேமராவைப் பார்த்து நடந்தாள். திரையில் சரியாக ஒரு நிமிடம். அந்தப் படம் மூன்று கொட்டகை தாண்டவில்லை. ஆனால் பிடித்தவர்களுக்குப் பேய் பிடித்த மாதிரிப் பிடித்தது. அதில் முற்றிய கேஸ் அவளுடைய அண்ணன் லென்னி. இருநூற்றுப் பதினோரு தடவை பார்த்தவன். மூன்று சுரக்கூட்டுக்கு மேல் தெரியாத கிடாரை வைத்துக்கொண்டு ஒரு பங்க் இசைக்குழு நடத்தினான். வாண்டா பாடினாள், அதாவது கத்தினாள். ஸ்டாஷ் என்பவன் டிரம்ஸ். கூடவே கத்தரியும் பசையுமாக ‘துருவும் ரத்தமும்’ என்று ஒரு கைப்பத்திரிகை. முதல் இதழ் 1979 மார்ச்சில், இதழுக்கு நூற்றிருபது பிரதி. படம் ஓடிய திறந்தவெளிக் கொட்டகை மூடப்பட்டபோது, குப்பையில் கிடந்த ஒரே பிரதியை, ஏழு சுருளையும், வீட்டின் நிலவறைக்குத் தூக்கி வந்தான். பத்திரிகையின் ஒவ்வொரு அட்டையிலும் தங்கை வரும் பிலிம் பிரேம் ஒன்றை வெட்டி ஒட்டினான். “ஜெராக்ஸ் எவன் வேணா எடுப்பான். அசலையே ஒட்டுறவன் அமெரிக்காவுல நான் ஒருத்தன்தான்” என்று அதற்குப் பெருமை வேறு. வாண்டா கண் திறக்கும் இடம்தான் உசத்தி என்று சரியாக நடுவிலிருந்து வெட்டத் தொடங்கினான்.

ஐந்தாவது இதழ் வந்தபோது அவள் ஒரு நாளில் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை பத்து மணி நேரம் இல்லை. கண்டுபிடித்தது ஸ்டாஷ், எண்ணுவதுதான் அவன் தொழில்.

“டேய் லென்னி, வினாடிக்கு இருபத்துநாலு பிரேம். உன் தங்கச்சி ஒரு நிமிஷம் வர்றா. மொத்தம் எத்தனை?”

“ஆயிரத்து நானூத்தி நாப்பது.”

“ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம்டா?”

லென்னி கத்தரியைக் கீழே வைத்தான். வாண்டாதான் சொன்னாள்: “ஏண்டா, அந்தக் கசாப்புக்கடைக்காரன் படத்துல மூணு நிமிஷம் வர்றானே, அவனை வெட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?” சிரிக்கத் தொடங்கினாள். காலை மணி எட்டாகிவிட்டது. சிரிப்பு பாதியில் நின்றது, ஆள் இல்லை.

பிரேமைத் திருப்பிக் கேட்டு, பத்திரிகை வாங்கியவர்களுக்கு லென்னி அறுநூறு கடிதம் போட்டான். ரசிகர்களிடம் பொருளைத் திரும்பக் கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவன் ஒரு பிரேமுக்கு இரண்டு அபூர்வ கேசட் கேட்டான். கொடுத்த பிறகு மூன்றாவது கேட்டான். டூசான் நகரத்தில் ஒருவன் அதைக் கிடாரில் பதித்து மேலே வார்னிஷ் அடித்திருந்தான். ஒருத்தி தின்றுவிட்டதாகப் பெருமையோடு எழுதினாள். மற்றவர்கள் ஆறாவது இதழ் எப்போது என்று கேட்டார்கள். ஒரு வருடத்தில் முப்பத்தொன்று வந்தன. ஒவ்வொன்றையும் மறுபடி சுருளில் ஒட்ட, ஒவ்வொரு நிமிடமாக வாண்டா திரும்பினாள். ஒன்றைத் தலைகீழாக ஒட்டிவிட்டதால் பிற்பகல் இரண்டு பத்துக்கு ஒரு நிமிடம் கூரையில் நின்றபடி அவனைத் திட்டினாள். சான் டியாகோ நகரத்திலிருந்து ஒருவன் ஏமாற்றி வேறு காட்சியின் பிரேமை அனுப்பியதில் மூன்றே கால் மணிக்குக் கசாப்புக்கடைக்காரர் கையில் சாசேஜோடு வந்து நின்றார். அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

பிறகு நிலவறையில் வினிகர் வாடை அடித்தது. பழைய பிலிம் அழுகும்போது அடிக்கிற வாடை. லென்னி சுருள்களை வைத்திருந்தது வெந்நீர்க் கொதிகலன் பக்கத்தில். வாண்டாவின் தலைமுடியிலும் அதே வாடை. சாயம் மங்கி, காட்சி முழுக்க ரோஜா நிறமாக, அவளும் ரோஜா நிறமானாள். கொலம்பஸ் நகரத்தில் பிலிம் தெரிந்த ஒருவரிடம் லென்னி சுருளை எடுத்துப் போனான். அவர் டப்பாவைத் திறந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, திரும்ப மூடினார். அவள் ரோஜா நிறமாக இருக்கும் நேரமும் வருடா வருடம் குறைந்தது: எட்டு மணி நேரம், மூன்று மணி நேரம், நாற்பது நிமிடம்.

குழு நிற்கவில்லை. பங்க் பாட்டே ஒன்றரை நிமிடம்தான் என்பது வசதியாகப் போயிற்று. லென்னி பாட்டை இன்னும் வெட்டினான். வெட்டத்தான் அவனுக்குத் தெரியும். நாற்பது வினாடி, இருபது வினாடி. தேவாலயத்தின் அடித்தள மண்டபத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் பெண்கள் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை விற்கும்போது ஒரு மூலையில் வாசித்தார்கள். “நல்லா இருக்கியாடி?” என்று அவர்கள் கேட்பார்கள். “இருக்கிறப்ப நல்லாத்தான் இருக்கேன்” என்பாள்.

1988-இல் ஒரே பிரேம் மிஞ்சியது. அதுவும் ஓரத்திலிருந்து கரைந்து வந்தது. மாலை ஆறு நாற்பதுக்கு லென்னியும் ஸ்டாஷும் தயாராக நிற்பார்கள். பெண்கள் கரண்டியைக் கீழே வைப்பார்கள். மைக்குக்குப் பின்னால் ரோஜா நிறத்தில் வாண்டா வருவாள். அண்ணனைப் பார்க்க நேரமிருக்காது. “ஒன், டூ, த்ரீ, ஃபோர்!” என்று கத்துவாள். ‘ஃபோர்’ முடியும்போது வினிகர் வாடை மட்டும் நிற்கும். எண்ணிக்கை கொடுத்தாயிற்றே, வாசிக்காமல் இருக்க முடியாது, இருவரும் வாசிப்பார்கள். பாட்டு முடிந்ததும் ஸ்டாஷ் போய்க் கொழுக்கட்டை வரிசையில் நிற்பான். மூன்று தட்டு வாங்குவான்.