பொட்டு வைக்காத தட்டு

பூபதிராஜா எனக்கு வீட்டில் மாமா, ஆய்வகத்தில் சார். அம்மாவின் சித்தப்பா மகன். கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் உள்ள கல்லூரியில் எனக்கு ஆராய்ச்சி சீட் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், வழிகாட்டியும் அவர்தான். இதைத் தினம் ஒரு தடவையாவது சொல்லிக் காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் ஆய்வகத்துக்குள் வாய் தவறி மாமா என்று கூப்பிட்டால் முறைப்பார்.

எங்கள் ஆய்வு மஞ்சணத்தி வேரைப் பற்றியது. மாமாவின் தோட்டத்து வரப்பிலேயே அந்த மரம் நிற்கிறது. வேரை வெட்டினால் உள்ளே மஞ்சள் மஞ்சளாக இருக்கும். அதன் சாறு நரம்பு செல்களின் கதவைத் திறந்துவிடுகிறது என்பது மாமாவின் கண்டுபிடிப்பு.

கதவு என்றால் நிஜக் கதவுதான். செல்லைச் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. கால்சியம் அயனிகள் அதற்கு வெளியே குவிந்து கிடக்கும். சவ்விலுள்ள கதவு திறந்தால்தான் உள்ளே வர முடியும். வந்ததா என்று வெறும் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் ஓர் ஒளிர் சாயத்தை முன்கூட்டியே செல்லுக்குள் ஏற்றிவிடுவோம். சும்மா இருக்கும்போது அது இருட்டாகக் கிடக்கும். கால்சியம் வந்து ஒட்டிக்கொண்டால், நுண்ணோக்கியின் நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். சாறு ஊற்றியதும் பச்சை எழுந்தால் கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம்.

செல் வளர்க்கும் எங்கள் தட்டுகளில் பச்சை எழுந்தது. அமோகமாக எழுந்தது. மாமா பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, நம் ஊர் மரத்தில் நரம்பு நோய்க்கு மருந்து இருக்கிறது என்று சொல்லிவிட்டார். என் ஆய்வேட்டைக் கொடுப்பதுதான் பாக்கி.

சாயத்தைக் கரைத்துவிட்டால் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். எந்தத் தட்டில் போட்டோம், எதில் போடவில்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். சாயம் போட்ட கையோடு அந்தத் தட்டின் மூடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுவேன். நெற்றிக்கு வாங்கிய அட்டையில் பாதி தட்டுகளுக்கே போய்விடும்.

"தட்டுக்கெல்லாம் பொட்டு வெச்சுச் சீர் செஞ்சு கட்டிக் குடுக்கப் போறியாக்கும், அம்மிணி" என்று மாமா கேலி செய்வார்.

ஒருநாள் தட்டுகளுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள். காற்றில் தென்னை மட்டை விழுந்து மோட்டார் லைன் அறுந்துவிட்டதாம். பேசி முடித்துவிட்டு வந்து, விட்ட வேலையைத் தொடர்ந்தேன். பிற்பாடு எல்லாத் தட்டிலும் சாறு ஊற்றிப் பார்த்தேன். வழக்கம்போல எல்லாம் பச்சை. கடைசித் தட்டை மூடப் போகும்போதுதான் கவனித்தேன். அதன் மூடியில் பொட்டு இல்லை.

சாயமே போடாத தட்டு, சாயம் போட்ட தட்டு மாதிரியே ஒளிர்ந்திருக்கிறது.

தட்டை மறுபடி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஒளிர்ந்தது சாயம் இல்லை, சாறு. வேரின் மஞ்சள்தான் நீல வெளிச்சத்தில் பச்சையாக மினுக்கியிருக்கிறது. எந்தக் கதவும் திறந்ததற்குச் சாட்சி இல்லை. இத்தனை வருஷமாக நாங்கள் வேர்ச்சாற்றை விதவிதமாகப் படம் பிடித்திருக்கிறோம். சாயம் போடாமல் ஒரு தட்டைப் பார்க்கலாமே என்று முதல் வருஷமே நான் கேட்டேன். செல்லை வீணாக்காதே என்று என் வாயை அடைத்தவர் மாமா. அதை நினைத்ததும் பயம் போய்க் கோபம் வந்தது.

மறுநாள் வேண்டுமென்றே சாயம் இல்லாமல் செய்து பார்த்தேன். அதே பச்சை. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சாயம் போட்டிருப்ப. பொட்டு வெக்க மறந்திருப்ப" என்றார்.

"அது நேத்துங்க சார். இன்னைக்குச் சாயத்த வெளியவே எடுக்கலீங்க."

மாமா கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இங்க பாரு. டிகிரிய வாங்கீட்டுப் போற வழியப் பாரு. இந்தத் தட்டப் பத்தி வாயத் தொறந்தீன்னா என்ற கையெழுத்து விழாது."

"மருந்துன்னு நம்பி எவனாச்சும் வேரக் காய்ச்சிக் குடிச்சா?"

"நான் இல்லீன்னா நீ இன்னைக்கு எங்க இருப்பேன்னு யோசி."

யோசித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறவர், சோற்றையும் நானே பரிமாற வேண்டும் என்கிறார். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் என் இருபதுகள் முழுவதும் வீண். இருந்தாலும் அவருக்கு மண்டையாட்டக் கழுத்து வளையவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "வாய்க்கால் ஷட்டர் தொறக்கவே இல்லைம்மா. தண்ணி வந்துச்சுன்னு எழுதச் சொல்றாங்க."

"தண்ணி வந்தா என்ன, வராட்டி என்ன. நமக்கு டிகிரி வரோணும்" என்றாள் அம்மா. "மாமனப் பகைச்சுக்காத கண்ணு."

ஆய்வேட்டுக்கு முந்தைய விளக்கவுரைக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். நான் வரிசையாகப் படங்களைக் காட்டிக்கொண்டு வந்தேன். சாயம் போடாத தட்டின் படத்தைக் கடைசியில் வைத்திருந்தேன். கடைசிக்கு வந்தபோது அது இல்லை. நன்றி என்ற பக்கம் வந்து நின்றது. காலையில் துறைக் கணினியில் மாமாதான் உட்கார்ந்திருந்தார். இப்போது முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதில் ஒரு படம் குறைகிறது" என்றேன். "சாயமே போடாத தட்டின் படம். அதுவும் இதே மாதிரி ஒளிர்ந்தது."

பேராசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது இவ கைப்பிசகு, டீச்சர்" என்று மாமா சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"கூடம் பக்கத்து ரூம்லதானுங்க இருக்குது, சார்" என்றேன். "போய்ப் பாத்தர்லாமுங்க."

பதிலுக்குக் காத்திராமல் போய்ப் பக்கத்து அறையைத் திறந்தேன்.

செல் வளர்ந்த தட்டுகளைக் காலையிலேயே தயாராக வைத்திருந்தேன். பிரிக்காத சாயக் குப்பி ஒன்றையும் வெறும் கரைசலையும் பேராசிரியையின் கையில் கொடுத்தேன். "நானும் தொடவில்லை, சாரும் தொட வேண்டாம். உங்களுக்குத் தோன்றிய தட்டில் சாயம் போடுங்கள். மற்றதில் வெறும் கரைசலை ஊற்றுங்கள். எது எது என்று எங்களிடம் சொல்ல வேண்டாம்."

அவர் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாயம் செல்லுக்குள் ஏற நேரம் ஆகும். அதுவரை எல்லோரும் டீ குடித்தார்கள். மாமா குடிக்கவில்லை. நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

பிறகு பேராசிரியை கதவைத் திறந்தார். எல்லோர் முன்னிலையிலும் எல்லாத் தட்டிலும் நான் சாறு ஊற்றினேன். "சாயம் உள்ள தட்டு எது என்று சார் சொல்லட்டும்" என்றார் பேராசிரியை.

மாமா நுண்ணோக்கியில் குனிந்தார். ஒவ்வொரு தட்டாக வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தார். அவர் காதோரம் வியர்த்தது. கடைசியில் இரண்டு தட்டுகளைத் தனியே நகர்த்தி வைத்தார்.

"இது ரெண்டுலயும் சாயம் இருக்குது, டீச்சர். பச்சை நல்லாத் தூக்கலாத் தெரியுது."

பேராசிரியை கைப்பையைத் திறந்து சாயக் குப்பியை மேசை மேல் வைத்தார். மூடியைச் சுற்றியிருந்த மெழுகுத் தாள் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"நான் ஒன்றிலும் போடவில்லை" என்றார்.

அவர் அப்படிச் செய்வார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மறைக்கவும் நான் முயலவில்லை. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு நிறத்தில் ஒளிரும் சாயத்தை வைத்து முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும், வருஷங்கள் ஆகும் என்று பேராசிரியை என்னிடம் சொன்னார். ஆகட்டும் என்றேன்.

எல்லோரும் வெளியே போன பிறகு மாமா என் பக்கம் வந்தார்.

"இனி உன்ற ஆய்வேட்டுல என்ற கையெழுத்து விழாது" என்றார்.

நான் அவர் தனியே நகர்த்தி வைத்த இரண்டு தட்டுகளையும் எடுத்து மூடினேன்.

"வேற கையெழுத்து தேடிக்கறனுங்க, மாமா" என்றேன்.

அவர் முறைத்தார். ஆனால் சார் என்று கூப்பிடு என்று சொல்லவில்லை.