பேட்ரிசியா டீச்சரின் பைண்டு புத்தகம்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தக் கதை ஒரு திட்டிலிருந்து பிறந்தது. திட்டியவள் விஜயராணி, வயது ஐம்பத்திரண்டு, எடமலைப்பட்டி புதூர். வாங்கிக்கட்டிக்கொண்டவள் அவள் தங்கை தமிழ்மணி, எழுத்தாளர், ஸ்ரீரங்கத்தில் ஃப்ளாட். இதை எழுதுகிறவளும் அதே தமிழ்மணிதான். பிறகு ஏன் அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறாள் என்று கேட்பீர்கள். அக்காவின் உத்தரவு அப்படி. "போன கட்டுரையில மூச்சுக்கு மூச்சு நான், நான், நான். இனிமே என்னப் பத்தி எழுதுனா அந்த வார்த்தையே இருக்கக் கூடாது."

போன கட்டுரை ஒரு பத்திரிகையின் கோடை மலருக்கு எழுதியது. தலைப்பு அவர்களே கொடுத்தது: 'புத்தகங்களோடு கழிந்த இனிய கோடை'. இனிய கோடையாம், மண்ணாங்கட்டி! மே மாதத்தில், அக்காவும் தங்கையும் வளர்ந்த உப்பிலியபுரத்து ஓட்டு வீட்டுக்குள் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தால் அந்த வார்த்தையைப் போட்டிருப்பார்களா? ஆனால் தமிழ்மணி மறுக்கவில்லை. இளித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தாள்.

2

[முதல் முயற்சி] கோடை விடுமுறை என்றாலே புளி வாசமும் பழைய காகித வாசமும் கலந்து

வேண்டாம். வாசத்தில் தொடங்கும் கதைகளை இனி எழுதுவதாக இல்லை.

[இரண்டாம் முயற்சி] அக்கா ஒருத்தி, தங்கை ஒருத்தி. ஒருத்தி உழைத்தாள், ஒருத்தி

இதுவும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்லித் தொலைப்போம்.

லீவு விட்டதும் வியாபாரி வந்து வீட்டில் புளி மூட்டை இறக்கிவிட்டுப் போவார். தட்டிக் கொட்டை எடுக்க வேண்டும், ஆளுக்கு ஒரு கூடை. தெருவில் பேட்ரிசியா டீச்சர் இருந்தார். வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, பைண்டு செய்து வைத்திருப்பார். கறை படக் கூடாது என்று சொல்லித்தான் இரவல் தருவார். புளி அப்பிய கையால் அதைத் தொட முடியுமா? அதனால் அக்காவும் தங்கையும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இரண்டு கூடையையும் விஜயராணி தட்டுவாள். தமிழ்மணி கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாள்.

அந்த வருஷத்துத் தொடர்கதையில் லலிதா என்று ஒருத்தி. கணவனை விட்டுவிட்டு, தகரப் பெட்டியோடு ரயிலுக்குக் காத்து நிற்கிறாள். இன்னும் நாலு வாரத்துக் கதை பாக்கி. தமிழ்மணிக்குத் தொண்டை வறண்டுவிட்டது. வெளியே பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டார்கள். பக்கங்களைச் சும்மா புரட்டிக்கொண்டே, "ரயில் வந்தது. லலிதா ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். முற்றும்" என்று வாசிப்பதுபோல் சொல்லிவிட்டு ஓடிப்போனாள். சாயங்காலமே புத்தகம் டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டது. உண்மையான முடிவை அவளும் படிக்கவில்லை.

இதைத்தான் கோடை மலரில் 'என் முதல் சிறுகதை' என்று குறும்பாக எழுதியிருந்தாள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அக்காவின் உழைப்பை எடுத்து ஊருக்கெல்லாம் பரிமாறியாயிற்று. (இணையத்தில் ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். கூடை தட்டியவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.)

3

மலர் வெளிவந்த மறுநாள் போன் வந்தது.

"ஏண்டி, லலிதா ரயில் ஏறலன்னு நீயாடி சொன்ன?"

"அக்கா, அப்ப எனக்குப் பதினோரு வயசு. சும்மா தமாஷுக்கு..."

"எது தமாஷ்? ரெண்டு கூடை தட்டியிருக்கேன். நகக்கண்ணெல்லாம் எரியும். அதுக்குத்தானே கதை? அவ அப்படித் திரும்பிப் போறவ இல்லன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. ஆனா புஸ்தகத்துல போட்டிருக்கு, நமக்கு என்ன தெரியும்னு வாய மூடிக்கிட்டேன். என் பொண்ணுங்களுக்கும் அதையேதான் சொன்னேன். அடுப்பப் பத்தவச்சாளாம்!"

தமிழ்மணிக்கு, கேடுகெட்ட எழுத்தாளப் புத்தி, ஒரு பெரிய திருப்பம் தோன்றியது. "அப்ப, மாமா குடிச்சுட்டு வந்து அத்தனை அடிச்சும் நீ அங்கேயே இருந்தது..."

"நிறுத்து. உன் பொய்யக் கேட்டுத்தான் அந்த மனுஷங்கிட்ட கெடந்தேன்னு எழுதிடாத. அவ்ளோ பெரிய ஆளா நீ? ரெண்டு பிள்ளைங்க, போக எடமில்ல, இருந்தேன். அது என் பாடு. நான் கேக்குறது அவளப் பத்தி. அவ என்ன ஆனா?"

"தெரியலக்கா."

அக்கா போனை வைத்துவிட்டாள்.

[இங்கே ஒரு பக்கத்துக்குத் தமிழ்மணி அழுவதாக இருந்தது. படித்துப் பார்த்தாள். அழுகையிலும் தன் பெருமையே தெரிந்தது. அழித்துவிட்டாள்.]

4

லலிதாவுக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தாள். ஏறினாள். ஏறி அடுத்த ஊரில் இறங்கினாள். ரயிலே வரவில்லை. மூன்றையும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். "இன்னும் மூணு பொய்யா?" என்று பதில் வந்தது.

5

பேட்ரிசியா டீச்சரின் மகன் ஜோஸ் கட்டுரையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "அம்மாவோட பைண்டெல்லாம் பத்திரமா இருக்குங்க. நான் எதையும் படிச்சதில்ல. நீங்க கட்டுரையில சொன்ன தொடர்கதையும் அதுல இருக்கு. அனுப்பட்டுங்களா?"

தமிழ்மணி துள்ளிக்கொண்டு அக்காவிடம் சொன்னாள். "நானே வந்து மொதல்லேருந்து வாசிக்கிறேன்கா."

"நீ வாசிச்சுக் கிழிச்சது போதும். எட்டாவது வரைக்கும் நானும் படிச்சிருக்கேன். என் பேருக்கு அனுப்பச் சொல்லு. நீ தொடக் கூடாது."

புத்தகம் வந்து சேர்ந்ததும், போன ஞாயிற்றுக்கிழமை தமிழ்மணி பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனாள். ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். உதடு அசைய, விரல் வரிக்கு வரி நகர, கடைசிப் பக்கங்களில் இருந்தாள். வா என்றுகூடச் சொல்லவில்லை. தமிழ்மணி வாசலிலேயே நின்றாள். அரைமணி நேரம் இருக்கும். விஜயராணி புத்தகத்தை மூடி, அட்டைமேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏறினாளாக்கா?"

"உனக்கு எதுக்கு? நீதான் உன் இஷ்டத்துக்கு முடிச்சுப் பேரும் வாங்கிட்டியே. இது எனக்கு."

பீரோவில் வைத்துப் பூட்டினாள். சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள், பெண்களைப் பற்றி, தண்ணீர் வராததைப் பற்றியெல்லாம் பேசினாள். லலிதாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

6

தமிழ்மணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அக்கா முப்பத்தெட்டு வருஷம் பொய்யோடு இருந்தாள். இவளால் ஒரு வாரம் தாங்க முடியவில்லை. இதற்குமேல் ஒரு வரி எழுதினாலும் அது இன்னொரு திருட்டு.

அதனால் வாசகரே, முடிவு வேண்டுமென்றால் எடமலைப்பட்டி புதூருக்குப் போய் விஜயராணியைக் கேளுங்கள். அவள் சொல்லலாம், கதவைச் சாத்தவும் செய்யலாம். சொல்ல ஆரம்பித்தால், தயவுசெய்து, கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேளுங்கள்.