பின்சீட்டின் ஈரம்

மலேசியாவின் கிள்ளானில் மேரு சாலையை ஒட்டிய அந்தக் கொட்டகையில் காலை ஆறரைக்கே ஆட்கள் கூடிவிடுவார்கள். சாலையோரப் புல்லை அழிக்க மருந்து அடிக்கும் குத்தகை நிறுவனம் அது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி வெகுகாலம் ஆகியும், பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதை அங்கே இன்னமும் தோட்டக் காலத்துச் சொல்லால் பெரட்டு என்றுதான் சொல்கிறார்கள்.

பெரட்டுக்கு முன்பு மெக்கானிக் தனேஷுக்கு ஒரு வேலை இருந்தது. மூன்றாம் எண் லோரியின் மருந்துத் தொட்டி, நானூறு லிட்டர் பிடிக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி, கீழ்மூலையில் விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. நேற்று அப்பிய பசை, ஆறிய புண்ணின் பொருக்கைப் போல உரிந்து வந்தது. அந்த வகைப் பிளாஸ்டிக்கில் பசை நிற்காது என்று தனேஷுக்குத் தெரியும். தெரிந்தேதான் மூன்று வாரமாகத் தினமும் புதிதாக அப்பி, சோதனைப் புத்தகத்தில் 'ஒழுக்கு இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டுவந்தான்; இன்றும் அப்படியே செய்தான். தொட்டியைக் கழற்றி முறையாகப் பழுதுபார்க்க அரை நாள் வேண்டும். சூப்பர்வைசர் கிரிதரன் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஒருமுறை கேட்டதோடு தனேஷும் விட்டுவிட்டான்.

தொட்டியை ஒட்டி ஒரு மெத்தை இருக்கை. அதில் அமர்ந்துதான் ஒருவர் குழாயைப் பிடித்து மருந்து அடிப்பார். கசிவதெல்லாம் அந்த மெத்தையில் ஊறும்.

கிரிதரன் பட்டியலைப் படித்தார். "வள்ளியம்மாக்கா கால் வலின்னாங்க, இன்னிக்குப் புல் வாரட்டும். மூணாம் நம்பர் லோரியில மலர்விழி."

மலர்விழி தனேஷின் மனைவி. அதுவரை புல் வாரும் குழுவில் இருந்தவள்.

"சார், மூணு போகாது," என்றான் தனேஷ்.

"ஏன்?"

"டேங்க் ஒழுகுது."

"இப்பதான சரி போட்ட?" கிரிதரன் புத்தகத்தை விரித்துக் காட்டினார். "போர்ட் ரோடு முழுக்கப் புல்லு ஆள் உயரம் நிக்குது. நாளைக்கு ஆபிசருங்க வராங்க. விளையாடாத லா."

"விளையாடல சார். சீட்டெல்லாம் மருந்து ஊறிக் கெடக்கு. அதுல உக்காந்தா தோல் வெந்துரும்."

வள்ளியம்மா சிரித்தாள். ஐம்பதைத் தாண்டியவள், யாருக்கும் வாய் அடங்காதவள்.

"அப்ப என் தோல் என்ன, லோரி டயரா தம்பி? மூணு வாரமா நான் உக்காந்தப்ப ஒழுகல. உன் பொண்டாட்டி பேரக் கூப்பிட்டதும் ஒழுகுதா?"

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். மலர்விழி வள்ளியம்மாவின் அருகில் போனாள். "எங்கக்கா வலி? காட்டுங்க."

வள்ளியம்மா தயங்கித் தயங்கிக் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டாள். பின்தொடை சிவந்து, கொப்புளங்கள் உடைந்து, மேலே தேங்காய் எண்ணெய் பளபளத்தது. "ஒடம்பு சூடுன்னு நெனச்சேன். தெனம் இளநி வாங்கிக் குடிச்சேன். அப்புறந்தான் சீட்டுத் தண்ணின்னு புரிஞ்சுது."

"ஏங்கா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டான் தனேஷ்.

"சொன்னா வண்டி நிக்கும். நின்னா நீ திட்டு வாங்குவ. புள்ளகுட்டிக்காரன், போகட்டும்னு விட்டுட்டேன்."

மலர்விழி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "தெரிஞ்சேவா சரி போட்டீங்க?"

அவன் தலை குனிந்தான். கிரிதரனும் புத்தகத்தை மூடிவிட்டார். மூன்று வாரமும் அதில் கீழே கையெழுத்துப் போட்டவர் அவர்.

"எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"மத்தியானம் வரைக்கும். மொதல்ல அக்காவக் கிளினிக் அனுப்புங்க சார்."

மலர்விழி வள்ளியம்மாவைக் குழாயடிக்கு அழைத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி, தன் மாற்று உடையைக் கொடுத்தாள். எந்த மருந்து என்று டாக்டர் கேட்பார் என்பதால் மருந்துக் கேனின் லேபிளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். கிரிதரன் தம் காரிலேயே இருவரையும் ஏற்றிப் போனார்.

தனேஷ் கையுறை மாட்டி, மிச்ச மருந்தை வேறு பீப்பாய்க்கு மாற்றினான். தொட்டியை மும்முறை கழுவி, அந்தத் தண்ணீரையும் கால்வாயில் விடாமல் பீப்பாயில் பிடித்தான். வெடிப்பு மேலும் ஓடாதிருக்க அதன் இரு முனையிலும் சிறு துளையிட்டான். ஓரங்களைச் சீவி, அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியைச் சூடான காற்றில் உருக்கி, பள்ளத்தை அடுக்கடுக்காக நிரப்பினான். ஆறியபின் வெறும் தண்ணீர் நிரப்பி, அடியில் அட்டை விரித்து ஒரு மணி நேரம் காத்திருந்தான். அட்டை நனையவில்லை. மருந்து ஊறிய மெத்தையைக் கழித்துவிட்டு, புதிதாக ஒன்றைப் பொருத்தினான்.

கட்டோடு திரும்பிய வள்ளியம்மா, வந்ததும் வராததுமாக, "ஒரு வாரம் எம்சி லீவு குடுத்துட்டாரு டாக்டர். உன் புண்ணியத்துல சீரியல் பாக்கப் போறேன்," என்றாள்.

"மன்னிச்சிருங்கக்கா."

"அழுதுறாத லா, பெரிய மெக்கானிக்கு." அவன் தோளில் செல்லமாக ஓர் அடி வைத்தாள்.

கிரிதரன் காய்ந்த அட்டையைத் தடவிப் பார்த்தார். "நாளைக்கு மறுபடி வெடிச்சா என்ன செய்வ?"

"வண்டி நிக்கும் சார். பெரட்டுல யாரு பேரு வந்தாலும் சரி. நம்ம வீட்டு ஆள உக்கார வைக்க மனசு வராத சீட்டுல, அடுத்தவங்களையும் உக்கார வைக்கக் கூடாது. அது எனக்கு இன்னிக்குத்தான் புரிஞ்சுது."