இறைத்த கிணறு

பேராசிரியர் அருட்பிரகாசம் விடிய எழும்பினார். போர்வையை மடித்துத் தலையணைக்கு மேல் வைத்தார். பிறசர் குளிசையை விழுங்கினார். துவாயைத் தோளில் எறிந்துகொண்டு பின்வாசலால் இறங்கினார். மன்னாரில், தோட்டவெளிக் கிராமத்து அக்கா வீட்டில் தங்கினால் காலை இப்படித்தான். கிணற்றடிக்குப் போவார், முகம் கழுவுவார், திரும்பிவர மேசையில் தேத்தண்ணி மூடியிருக்கும்.

அன்றைக்குக் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயின் வாய் தென்னையடியில் கிடந்து கலங்கல் தண்ணீரைத் தள்ளியது. அக்காவின் மகன் றெனால்ட் கிணற்றுக்கட்டின் மேல் ஏறி நின்று கயிற்றை இழுத்தான். உள்ளே இறங்கியிருந்த கூலியாள் அடிச்சேற்றை வாளி வாளியாக அள்ளிக் கொடுத்தார். கட்டின் மேல் குளோரின் பை ஒன்று வாய் பிரித்தபடி இருந்தது.

"என்னடா இது?"

"கிணறு இறைக்கிறம் மாமா."

"ஆர் சொன்னது?"

றெனால்ட் குசினிப் பக்கம் பார்த்தான். "அம்மாவைக் கேளுங்கோ."

அருட்பிரகாசம் எட்டிப் பார்த்தார். முதல்நாள் தெளிந்து கிடந்த தண்ணீர் இல்லை. அடியில் ஊற்றுக்கண் மட்டும் கசிந்தது.

முதல்நாள் இதே கிணற்றுக்கட்டில் நின்று றஞ்சிதா வலையை இறக்கினாள். அவருடைய இறுதி வருட மாணவி. இதே ஊர்ப் பிள்ளை. வலையை வெள்ளைத் தட்டில் கவிழ்த்து நெடுநேரம் குனிந்து பார்த்தாள். "சேர், அதுதான்" என்றாள். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த நுளம்பு, மலேரியாவைக் காவுகிற இனம், கிணற்றுத் தண்ணீரில் முட்டையிடுவது. அதன் உடம்பில் மருந்துக்குச் சாகாத பரம்பரை அலகு உண்டா, உண்டென்றால் அது அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கடக்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. அந்த ஊரில் தேடிய கிணறுகளில் இந்த ஒன்றில்தான் அதன் குடம்பிகள், முட்டையிலிருந்து வந்த புழுக்கள், இருந்தன. கிடைத்த சிலவற்றை இனத்தை உறுதிப்படுத்த அற்ககோல் போத்தலில் போட்டார்கள். இன்றைக்கு உயிரோடு அள்ளிப் போய் ஆய்வுகூடத்தில் வளர்த்து, தலைமுறை தலைமுறையாகப் பார்ப்பது என்பது திட்டம். கூடுகள் தயாராக இருந்தன.

அவர் குசினிக்குள் போனார். அக்கா சிசிலியா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா.

"அக்கா, இந்தக் கிணத்தை ரெண்டு நாளைக்கு ஒண்டும் செய்ய வேண்டாமெண்டு நேற்றுச் சொன்னனான் எல்லோ."

"உன்ர மருமகள் டினோஜாவின்ர கலியாணத்துக்குச் சமைக்கிற தண்ணி. துப்புரவா இருக்க வேண்டாமோ?"

"கலியாணம் அடுத்த மாசம். இண்டைக்கு ஏன்?"

துருவலை நின்றது.

"அந்தப் பிள்ளை ஆரெண்டு நீ எனக்குச் சொல்லேல்லை."

"என்ர மாணவி எண்டு சொன்னனான்."

"அதைக் கேக்கேல்லை. ஆற்ற பிள்ளையெண்டு கேக்கிறன்." சிசிலியா குரலை இறக்கினா. "பக்கத்து வீட்டு அன்ரோனெற் வேலியால பாத்திட்டுப் பின்னேரம் வந்து கேட்டவள். இந்தியாவால திரும்பிவந்து மேற்குத் தெருவில இருக்கிற ஆக்கள் எல்லோ எண்டு. அவளின்ர அப்பப்பா எங்கட வளவில பனை சீவினவர். வாசல் படலைக்கு இஞ்சால வராத மனுசன். அவற்ற பேத்தி என்ர கிணத்துக்குள்ள வலை விட்டிருக்கிறாள். நான் அன்ரோனெற்றுக்கு என்ன சொல்ல?"

"அக்கா, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில ஒரே வரிசையில நிண்டுதானே எல்லாரும் நற்கருணை வாங்கிறியள்?"

"அது கோயில். இது கிணறு."

"இது என்ன காலம் அக்கா."

"காலம் உனக்கு. நீ கம்பஸில இருக்கிறாய். நான் இந்த ஒழுங்கையில இருக்கிறன். மாப்பிள்ளை வீட்டாற்ற காதில விழுந்தா, அங்க பச்சைத்தண்ணியும் வாயில வையோம் எண்டுவினம். என்ர மகளுக்கு முப்பத்திரண்டு முடிஞ்சுது. உது குழம்பினா, நீ உன்ர நுளம்புக் கூட்டுக்குள்ள இருந்து மாப்பிள்ளை பிடிச்சுத் தருவியோ?"

அவரிடம் பதில் இருந்தது. ஊர் அறிந்த பதில். வெளிநாட்டில் படித்த காலத்தில், ஒரே இனம் என்று எல்லாரும் நம்பியிருந்த நுளம்பின் நிறமூர்த்தங்களை, குரோமசோம்களை, பிரித்துப் பார்த்து, அது ஒன்றல்ல, இரண்டு என்று காட்டியவர் அவர். அவருடைய பெயர் நின்றதே அதில்தான். ஒவ்வொரு வருடமும் முதலாம் வருட மாணவர்களுக்குப் பிறப்புரிமையியல் படிப்பித்து முடிக்கும் கடைசி விரிவுரையில் அதைச் சொல்வார். நுளம்பில் தேடினேன், இரண்டு இருந்தது. மனிசரில் எத்தனை தரம் தேடினாலும் ஒன்றுதான் என்பார். மண்டபம் கைதட்டும். ஒரு வருடம் அந்த மண்டபத்தில் றஞ்சிதாவும் இருந்தாள்.

அக்காவுக்கு அவர் அதைச் சொல்லவில்லை. தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். ஆறியிருந்தது.

றஞ்சிதா சைக்கிளில் வந்தாள். பின்கரியரில் தட்டு, வலை, துணி கட்டிய போத்தல்கள். அவர் படலைக்குப் போய் மறிப்பதுபோல நின்றார்.

"பிள்ளை, கிணத்தைத் துப்புரவாக்கிப்போட்டினம். கலியாண வீடு."

"முழுக்கவோ சேர்?"

"முழுக்க."

"நேற்றுச் சொன்னனாங்கள் எல்லோ."

"மறந்துபோச்சினம்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மெஷின் சத்தம் வளவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஊத்தில ஏதும் மிஞ்சியிருக்கும். நான் ஒருக்காப் பாக்கட்டோ?"

குசினி வாசலில் சிசிலியா வந்து நின்றா. முந்தானையில் கை துடைத்துக்கொண்டு நின்றா.

"நீர் இதில நில்லும். நான் பாத்துக்கொண்டு வாறன்" என்றார் அருட்பிரகாசம். அவளுடைய கையிலிருந்து வலையை வாங்கினார். அவள் உடனே விடவில்லை. பிறகு விட்டாள்.

வலையில் சேறுதான் வந்தது. இரண்டு தரம் போட்டும் சேறுதான். அவர் திரும்பிவர, அவள் படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். நேற்று இதே வீட்டு விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தவள். பின்னால் றெனால்ட் ஒரு பொதியோடு வந்தான். பிட்டும் மீன்பொரியலும்.

"பிள்ளை வெறும் வயித்தோட போகக்கூடாதாம். அம்மா தந்தவ."

றஞ்சிதா பொதியை வாங்கி ஹாண்டிலில் கொழுவினாள். சிசிலியாவை நோக்கித் தலையை ஆட்டினாள். பிறகு அவரிடம் கேட்டாள்.

"சேர், அறிக்கையில இதை என்னெண்டு எழுதிறது?"

"வீட்டாரால் துப்புரவு செய்யப்பட்டது எண்டு எழுதும்."

"ஏன் செய்தவை எண்டு?"

"அது எங்கட ஆய்வுக்குள்ள வராது."

"ஏன் எண்டு கேக்காட்டி ஆய்வில்லை, கணக்கெடுப்பு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"பிள்ளை, உமக்கு நல்ல பெறுபேறு வரவேணும். ஊரோட கொழுவிக்கொண்டு ஆய்வு செய்யேலாது. எழுதும்."

அவள் சைக்கிளைத் திருப்பினாள். கிணறு ஏன் இறைபட்டது என்ற கதை மேற்குத் தெருவுக்கு அவளுக்கு முதலே போய்ச் சேர்ந்திருந்தது. ஊர் அப்படி.

அதற்குப் பிறகு எல்லா ஒழுங்கைகளிலும் அவரே வலையை இறக்கினார். இடுப்பு நொந்தது, சொல்லவில்லை. அவள் தட்டை ஏந்திக்கொண்டு படலைகளில் நின்றாள். வீட்டுக்காரர் அவருக்குக் கதிரை போட்டார்கள். புரொபெசர் இந்த வயசிலும் தன் கையால் வேலை செய்கிறார் என்று புகழ்ந்தார்கள். அவர் மறுக்கவில்லை. அந்த நுளம்பு பிறகு எந்தக் கிணற்றிலும் கிடைக்கவில்லை. வளர்க்கும் கூடுகள் வெறுமையாகக் கிடந்தன. அற்ககோலில் கிடந்ததை வைத்து எவ்வளவு செய்யலாமோ அவ்வளவு செய்தாள். மருந்துக்குச் சாகாத அலகு அதில் இருந்தது. ஆனால் அது தலைமுறைக்குத் தலைமுறை எப்படிக் கடக்கிறது என்ற கேள்வி, அவளுடைய உண்மையான கேள்வி, அப்படியே நின்றது.

டினோஜாவின் கலியாணம் குறையில்லாமல் முடிந்தது.

மழைக்காலம் கழிந்து மாணவர்களின் ஆய்வுகளை மன்னாரிலேயே ஊராருக்கு முன்னால் படிப்பது என்று ஏற்பாடானது. அதுவும் அருட்பிரகாசத்தின் யோசனைதான். வீட்டுக்காரருக்கு அழைப்புப் போனது. தம்பியை மேடையில் பார்க்கச் சிசிலியா பட்டுச்சீலை உடுத்து வந்து முன்வரிசையில் இருந்தா. பின்னால், கதவோரம், றஞ்சிதாவின் தாயும் வந்து இருந்தா.

றஞ்சிதா தடுமாறாமல் படித்தாள். திரையில் தோட்டவெளியின் வரைபடம் வந்தது. அதில் ஒரேயொரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் எழுத்து: வீட்டாரால் துப்புரவு செய்யப்பட்டது. அவள் அதை வாசித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். மேடைக் கதிரையில் அருட்பிரகாசம் மூச்சை விட்டார்.

படித்து முடிய, சுகாதாரப் பகுதியிலிருந்து வந்த சுகந்தன் எழுந்தார். நல்ல மனிசர். வெயிலில் அலைந்து கறுத்தவர்.

"நாங்கள் வீடு வீடா ஏறி இறங்கிறம். கிணத்தைப் பாருங்கோ, மீன் விடுங்கோ, இறைச்சுக் கழுவுங்கோ எண்டு தொண்டை கிழியக் கத்திறம். ஒருத்தரும் கேக்கிறேல்லை. இந்த ஒரு வீடு ஒரே நாளில இறைச்சு, குளோரினும் போட்டு, ஊரில ஒரு ஆபத்தை இல்லாமல் பண்ணியிருக்கு. அவையைக் கட்டாயம் பாராட்ட வேணும். வந்திருக்கினமோ?"

பக்கத்தில் இருந்த யாரோ சிசிலியாவைக் காட்டினார்கள். அவ எழும்பவேண்டி வந்தது. சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்பி நின்றா. மண்டபம் கைதட்டியது. அன்ரோனெற்றும் தட்டினாள். அருட்பிரகாசத்தின் கைகளும் தட்டின. தட்டிய பிறகுதான் அவர் அதைக் கவனித்தார்.

சுகந்தன் மேடையைப் பார்த்தார். "தங்கச்சி, ஒண்டு கேக்கவேணும். நீர் என்ன சொல்லி அவையை இறைக்கப் பண்ணினீர்? அந்தச் சூட்சுமத்தைச் சொன்னா, மற்ற ஒழுங்கையளிலயும் நாங்கள் அதையே சொல்லலாம்."

அருட்பிரகாசம் எழும்பி ஒலிவாங்கிக்குக் கையை நீட்டினார். "அதை நான் விளங்கப்படுத்..."

றஞ்சிதா ஒலிவாங்கியைக் கொடுக்கவில்லை. அவருடைய கை நீட்டியபடி நின்றது. அவள் அவரையும் பார்க்கவில்லை, சிசிலியாவையும் பார்க்கவில்லை. கேட்டவருக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். ஆய்வு படித்த அதே குரல்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை ஐயா. அந்தக் கிணத்தில நான் வலை விட்டனான். நான் ஆற்ற பிள்ளையெண்டு பின்னேரம் விசாரிச்சவை. விடிய இறைச்சுப்போட்டினம். மற்றக் கிணறுகளும் துப்புரவாகவேணும் எண்டா சொல்லுங்கோ, நான் ஒவ்வொண்டிலயும் ஒருக்காக் கை வைச்சிட்டு வாறன்."