முள்ளெலியாருக்கு ஒரு விகுதி

1.

இந்தக் கதை ஒரு சிவப்பு வட்டத்திலிருந்து பிறந்தது. வட்டத்துக்குள் அகப்பட்ட சொல் ‘எழுந்தது’. வட்டம் போட்டவள் என் அக்கா.

இதைவிடப் பெரிதாக ஏதாவது சொல்லித் தொடங்க எனக்கும் ஆசைதான். முயன்றும் பார்த்தேன்.

‘ஆதியில் எல்லா விலங்குகளும் ஒரே மொழி’ — வேண்டாம், உபதேச வாடை.

‘மழை விட்டிருந்த ஒரு காலையில்’ — எனக்கே கொட்டாவி வந்தது.

ஆகவே உள்ளது உள்ளபடி. நான் குழந்தைகளுக்காக ஒரு விலங்குக் கதைத் தொடர் எழுதுகிறவள். ஒரு பெரிய மரம், அதன் கிளைகளில் ஓர் ஊர். நீர்நாய் மீன்கடை வைத்திருக்கிறாள். கீரி வக்கீல் (எதிர்த்தரப்பு எப்போதும் பாம்பு என்பதால் அவருக்கு வழக்குப் பஞ்சமே இல்லை). கிளைக்குக் கிளை எல்லாரையும் ஏற்றி இறக்கும் கூடைக்குப் பொறுப்பு முள்ளெலியார். கூடைக்குள் யார் ஏறினாலும் “எந்தக் கிளை?” என்று கேட்பார். இதுவரை ஆறு புத்தகங்கள் வந்துவிட்டன. ஏழாவதன் மெய்ப்பைத்தான் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துப்பிழை பார்ப்பது அவள் தொழில். என் பிழைகளைப் பார்ப்பது அவள் பிறவிக் கடன்.

2.

தொடருக்கு ஒரு விதி உண்டு. பேசுகிறவர் ‘வந்தார்’. பேசாதது ‘வந்தது’. நீர்நாய் அவள், கீரி அவர், மண்புழு அது.

இதில் தத்துவம் எதுவும் இல்லை. காரணம் சமையலறையில் இருக்கிறது. முள்ளெலியார் எதையாவது சாப்பிட்டாக வேண்டுமே!

ஒரு புத்தகக் கடைக் கூட்டத்தில் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, “மண்புழு மட்டும் ஏன் பேச மாட்டேங்குது?” என்றாள்.

“அது பேசினா முள்ளெலியார் பட்டினிதான்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“அதுக்குப் பேசத் தெரியாதா, இல்ல நீங்க பேச விடலையா?”

நான் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நழுவினேன்.*

* அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. இந்தக் கதையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

3.

ஏழாவது புத்தகத்தில் குளிர்காலம் வருகிறது. முள்ளெலியார் மாதக்கணக்கில் தூங்குகிறார். விழிக்கும்போது பேச்சு போயிருக்கிறது. அந்த இடத்தில் நான் இப்படி எழுதியிருந்தேன்:

‘முள்ளெலி எழுந்தது. கயிற்றைப் பார்த்தது. கூடைக்குள் ஏறியது.’

சத்தியமாக நான் யோசித்து எழுதவில்லை. பேசாவிட்டால் ‘அது’ என்ற விதி தன்பாட்டில் வேலை பார்த்துவிட்டது. பெயரிலும் கைவைத்துவிட்டது. முள்ளெலியாரில் இருந்த ‘யார்’ போய், வெறும் முள்ளெலி மிஞ்சியது.

இப்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்னும் தள்ளிப்போட்டால் உங்களை ஏமாற்றியதாகிவிடும். அக்காவின் கணவர், என் அத்தான், லிப்ட் மெக்கானிக். சாப்பாட்டு மேசையில் யார் வந்து உட்கார்ந்தாலும் “எந்த மாடி?” என்று கேட்டபடி தட்டை நீட்டுவார். போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் பேச்சும் ஒரே காலையில் போயின. கால் மட்டும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது.

முள்ளெலியார் அத்தான் இல்லை என்று ஆறு புத்தகமாக எல்லாரிடமும் சாதித்துவந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

4.

“இது என்னடி?” என்றாள் அக்கா, வட்டத்தைக் காட்டி.

“எது?”

“எழுந்தது. இத்தனை புத்தகமா ‘எழுந்தார்’னு இருந்துச்சு. இப்ப என்ன வந்துச்சு?”

“பேசாததெல்லாம் அதுதானேக்கா. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும்னு நீதானே சொல்லுவ?”

(சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் கடித்து என்ன பிரயோசனம்?)

அக்கா பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள்.

“சரி. விதின்னா விதி. ஆனா இதை அவருக்கு வாசிச்சுக் காட்டப்போறது நான். பக்கத்துக்குப் பக்கம் அது, அதுன்னு என் வாயால படிக்கணும். அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது.”

(அந்த ‘அவருக்கு’ என்பதன் கீழ் ஒரு கோடு போட்டு வையுங்கள்.)

“மாத்திடுறேன்க்கா.”

“எனக்காக மாத்தாத. சரின்னு பட்டா மாத்து. படலன்னா, அடுத்த புத்தகத்துக்கு வேற ஆளைப் பாத்துக்க.”

அந்நேரம் பக்கத்து அறையிலிருந்து அத்தான் இருமினார் என்று முதலில் எழுதியிருந்தேன். பொய். கதாசிரியரின் வசதிக்காக யாரும் இருமுவதில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் பயந்துபோயிருந்தேன், அவ்வளவுதான். அக்கா இல்லாமல் நான் ஒரு புத்தகமும் எழுதியதில்லை.

5.

மாற்றுவது சுலபம் என்றுதான் உட்கார்ந்தேன். ‘முள்ளெலியார் எழுந்தார்.’ ஆனால் பேசாதவரும் அவர் என்றால், மண்புழுவும் அவர்தானே? முன்வரிசைச் சிறுமி என் தலைக்குள் எழுந்து நின்றுகொண்டாள். ஒரு விகுதியைத் தொட்டால் ஊரே ஆடுகிறது. சரி, கதையின் முடிவையே மாற்றிப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

முடிவு ஒன்று: வசந்தத்தில் பேச்சு திரும்பிவிடுகிறது. எல்லாக் கிளைகளிலும் கைதட்டல். (அக்கா வீட்டில் உட்கார்ந்து இதை வாசிக்க எனக்குத் துணிச்சல் இல்லை.)

முடிவு இரண்டு: மண்புழு பேசுகிறார். முள்ளெலியார் இலைதழைக்கு மாறுகிறார். (அரை நாள் இதை மெச்சிக்கொண்டிருந்தேன். பிறகு நீர்நாயின் மீன்கடை ஞாபகம் வந்தது.)

முடிவு மூன்று: முள்ளெலியார் மறுபடி தூங்கப் போகிறார், இந்த முறை — இந்த வரியை நான் முடிக்க மாட்டேன்.

மூன்றையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனபோது இயன்முறை மருத்துவர் வந்திருந்தார், அத்தானின் கையை நீட்டி மடக்கிவிடும் பெண். கதவருகே நின்று கேட்டேன். அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்:

“இன்னிக்கு அதுவே சட்டை பட்டனைப் போட்டுக்கிச்சு, ஒத்தைக் கையில! ஒத்தடம் ரொம்பச் சூடா வேணாம்மா, அது தாங்காது.”

அது! கையும் களவுமாகப் பிடித்துவிட்ட குஷியில் உள்ளே பாய்ந்தேன்.

“அக்கா, நீயே அதுன்னு சொல்றியே!”

“கல்யாணம் ஆனதுலருந்து அப்படித்தானே சொல்றேன்.”

உண்மைதான். ‘அதுக்குப் புளிப்பு ஆகாது’, ‘அது இன்னும் எந்திரிக்கல’ — எத்தனை வருடமாகக் கேட்கிறேன்! கோபம் வந்தால்தான் அத்தான் ‘அவர்’ ஆவார்.

“அப்ப நான் எழுதினா மட்டும் என்னவாம்?”

“நான் சொல்ற அது வேற. நீ போடுற அது வேற.”

“எழுத்து ஒண்ணுதானேக்கா?”

“ஒண்ணுதான். அதுக்கு நான் என்னடி பண்றது? நீதானே எழுத்தாளர்!”

கட்டிலில் அத்தான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யோசித்துப் பாருங்கள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை ‘தூங்குது’. அம்மா ‘வந்துச்சு’. வெளியாளுக்கு ஆர் விகுதி கொடுத்து உபசரிக்கிறோம். வீட்டாளிடம் வந்ததும் இறுக்கமான சட்டையைக் கழற்றுவதுபோலத் திணையைக் கழற்றிவிடுகிறோம். ஆனால் அச்சுத் தாளில் குரல் கிடையாது. அக்காவின் ‘அது’வும் மண்புழுவின் ‘அது’வும் அங்கே ஒரே மையில் விழுகின்றன. அவளுடைய அதுவை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

6.

பதிப்பாளர் கூப்பிட்டார். “ஒரு வரிதானே பாக்கி? எதையாவது போட்டு அனுப்புங்க!”

மற்ற இடங்களை எல்லாம் ஒருவழியாகச் சுற்றி வளைத்து எழுதிவிட்டேன் (‘எழுந்ததும்’, ‘ஏறியபோது’ என்று எச்சங்களாகவே ஓட்டினால் விகுதி வேண்டாம், தமிழில் தப்பியோட எப்போதும் ஒரு சந்து இருக்கிறது). கடைசிச் சொல்லில் மட்டும் சந்து அடைபட்டுவிட்டது. அதைப் பாதியில் நிறுத்தி அக்காவிடம் நீட்டினேன்.

“வாசிக்கும்போது நீயே முடிச்சுக்க.”

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தாள். நான் சமையலறைக்குப் போனேன். கடைசிப் பக்கம் வருகிறது என்று தெரிந்ததும் குழாயைத் திறந்துவிட்டேன். கேட்கப் பயம். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கழுவிய தம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அக்காவின் குரல் வந்தது.

“ஏய், சீக்கிரம் வாடி! அது சிரிக்குதுடி!”

ஓடினேன். அத்தானின் இடது கன்னம் சிரித்துக்கொண்டிருந்தது. வலது கன்னம் பின்தொடரப் பார்த்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வந்தது. போன வருடத்துக்குப் பிறகு அதை நாங்கள் கேட்டதில்லை. அக்கா அழுதாள். நானும் அழுதேன்.

பிறகு கேட்டேன், “எப்படிக்கா முடிச்ச? தாரா? ததுவா?”

“ஞாபகம் இல்லடி” என்றாள், தாளைக் கீழே வைத்துவிட்டு. அது பொய்யாகவும் இருக்கலாம். நான் துருவவில்லை.

அதனால் கடைசி வரி இப்படியே அச்சுக்குப் போகிறது. பிழை என்று யாரும் திருத்தக் கூடாது; அக்காவே விட்டுவிட்டாள். தான், தார், தது, எது வேண்டுமோ போட்டுக்கொள்ளுங்கள். மனதுக்குள் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் உங்கள் ஆள் யாராவது இருந்தால், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

கூடை தரையில் வந்து நின்றது. நீர்நாய் ஏறி உட்கார்ந்தாள். கேள்வி வரவில்லை. சற்றுப் பொறுத்து, “எந்தக் கிளை?” என்று அவளே கேட்டாள். கயிற்றைப் பிடித்தபடி முள்ளெலி சிரித்