ஆர்தரின் பாண்டான் வாசம்

ஆர்தரின் வயிற்றில் ஒட்டியிருந்த பையிலிருந்து சோற்றுக்கும் பலகாரத்துக்கும் மணமூட்டப் போடும் பாண்டான் இலையின் வாசம் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்குத் திரும்பிய வாரமே அது தொடங்கியது. குடல் இயங்கும்போதெல்லாம் வாசம் படியிறங்கிச் சந்தை வரை போனது.

பாயான் பாரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர், மலத்தில் ரத்தம் கண்டும் மூலம்தான் என்று ஒரு வருடம் மறைத்தார். மனைவி அமலம்மாள்தான் மருத்துவமனைக்கு இழுத்துப் போனார். மலக்குடலின் அடியில் புற்றுநோய். கதிர்வீச்சு, கீமோ, அறுவை எல்லாம் ஆயின. ஆசனவாயை மூடி, இடப்பக்க வயிற்றில் மலம் வெளியேற நிரந்தரமாக ஒரு வழி வைத்து, அதன்மேல் பையை ஒட்டினார்கள். இந்த நோய்க்கு ஒரே காரணம் என்று எதுவும் இல்லை என்றார் டாக்டர்: வயது, சிகரெட், உடல் எடை, பதப்படுத்திய இறைச்சி, பரம்பரை. கடைசிச் சொல்லைக் கேட்டதும், வயிற்று நோய் என்று மட்டும் சொல்லிப் புதைத்த அப்பா ஆர்தரின் நினைவுக்கு வந்தார்.

நாற்றத்துக்குப் பயந்திருந்தவருக்கு நறுமணம் அதைவிடக் கூச்சமாக இருந்தது. மாதா கோயிலில் பூசை நடுவே பெண்கள் வாசத்தை முகர்ந்து திரும்பிப் பார்த்தார்கள். அவர் வீட்டோடு அடைந்துகொண்டார். பை மாற்றக் கற்றுக்கொடுத்த தாதி அதிரா குனிந்து முகர்ந்தார். "பை சரியாத்தான் ஒட்டியிருக்கு அங்கிள். வாசத்துக்கு மருந்து இல்ல. நல்ல வாசத்துக்கு எதுக்கு மருந்து?"

மறைத்தது போதும் என்று அடுத்த திங்கட்கிழமை ஆர்தர் வேலைக்குப் போனார். கேட்டவர்களிடமெல்லாம் சட்டைக்கு மேலாகப் பையைத் தொட்டுக் காட்டி, நோயின் பெயரை முழுசாகச் சொன்னார். தொழிற்சாலையில் பலர் மலப் பரிசோதனைக்குப் போய் வந்தார்கள். காதுகொடுக்காதவள் கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில் இருந்த தங்கை மோனிக்கா மட்டும்தான். ஒரு ஞாயிறு அவர் ஃபெரிப் படகில் ஏறினார். அக்கரை சேரும்வரை பயணிகள் பாண்டான் வாசத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கு ஒன்னும் இல்லண்ணே. சும்மா பயமுறுத்தாதீங்கலா."

"நானும் அதத்தான் சொல்லிட்டு இருந்தேன். அப்பாவும் அதத்தான் சொன்னாரு."

மோனிக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு மெதுவாக, "போன மாசம் நானும் ரத்தம் பாத்தேன்ணே," என்றாள்.

மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்ததில் அவள் குடலில் ஒரு சதை வளர்ந்திருந்தது. இன்னும் புற்றாகவில்லை, அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். குடலைச் சுத்தம் செய்ய முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்தவள், திரும்பும் வழியில் அண்ணனின் காரில் தளர்ந்து சாய்ந்திருந்தாள். கடல் பாலத்தில் ஏறும்போது வாசம் கிளம்பியது. ஆர்தர் கண்ணாடியை இறக்கக் கை நீட்டினார்.

"வேணாண்ணே, இருக்கட்டும்," என்றாள் மோனிக்கா. "அதுலதான் பசியே வருது. எங்கயாச்சும் நிறுத்துங்க, சாப்பிடுவோம்."