பனியில் வந்த கிளி

ஓசூர் டிவி ஆலையில் பொற்கொடிக்கு நிறம் பார்க்கும் வேலை. கால் வீங்கும் அவளுக்கு அங்கே உட்கார்ந்து செய்ய முடிந்தது அது ஒன்றுதான். வரிசையாக நிற்கும் பெட்டிகளில் நியூசிலாந்தைப் பற்றிய ஒரே படம் ஓடும். மலை பச்சையாகவும் ஏரி நீலமாகவும் தெரிந்தால் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மூன்று வருடமாக அதே மலை, அதே ஏரி.

சூப்பர்வைசர் வெங்கடப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

"பச்சை எப்படிம்மா?"

"நல்லா இருக்குது சார்." ஸ்டிக்கரை ஒட்டினாள்.

"காலையிலயே வேற டிஸ்க் போட்டாச்சு. நிமிந்து பாரு."

பார்த்தாள். அதே நாடுதான், ஆனால் குளிர்காலம். மலையெல்லாம் வெள்ளை.

"பனியில பச்சை பாத்த ஒரே ஆளு எங்கக்காதான்!" பக்கத்து இருக்கைச் சுகுணா சிரித்தாள்.

"நாளையிலிருந்து பேக்கிங் போயிடும்மா. நின்னுக்கிட்டே செய்யற வேலைதான், என்ன பண்றது?" என்றார் வெங்கடப்பன்.

பொற்கொடிக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. திரையில் ஒரு பச்சைக் கிளி பனிமேல் தத்தித் தத்தி வந்தது. அடுத்த பெட்டியிலும் அதே கிளி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல பச்சை மங்கல் சார். தேறாது."

ஒட்டிய ஸ்டிக்கரை உரித்துவிட்டு எழுந்தாள்.